என் டேபிளில் நன்றாக ஓடியது

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆம்ப்ளிஃபயரோ ரேடியோவோ தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாசலில் நின்று முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முகம் சரியில்லையென்றால் "அப்புறமா வரேன்" என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அதற்காகவே அண்ணன் முன்பக்கம் ஒரு கவுண்டர் போட்டு உட்கார்ந்துகொண்டான். சிரிப்பது அவன் வேலை, சரிசெய்வது என் வேலை. சாமான் வாங்கி வருவதும் அவன்தான். பின்னறையில் ஜன்னலோர மேஜையை விட்டு நான் எழுந்திருப்பதே அபூர்வம். பத்தொன்பது வருஷமாகக் கடை இப்படித்தான் ஓடுகிறது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. அவன் இன்னமும் என்னைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறான்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வந்தது வழக்கமான கோபம் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் திங்கட்கிழமையிலிருந்து தொடங்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் ஹலோ வந்தார். பொதுமண்டபத்தில் பதினோரு வருஷமாக மைக் செட் ஆபரேட்டர். எந்தக் கூட்டமாக இருந்தாலும் தொடங்குவதற்கு முன்னால் மேடையில் நின்று "ஹலோ, ஹலோ" என்று இருபது தடவை சொல்லிப் பார்ப்பார். பத்தொன்பதோடு நிறுத்த மாட்டார். அதனால் ஊர் முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை ஒளிப்பானேன்? பழுதான பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இது எதுக்கு மேடம்? இதுல ஏன் சூடு வருது மேடம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பெட்டியைத் துடைக்கத் தனியாக ஒரு துணி வேறு கொண்டுவருவார். ஒரு தடவை, "உங்க ஃபேன்ல பேரிங் போயிட்டிருக்கு மேடம், சத்தம் மாறுது" என்றார். போய்க்கொண்டுதான் இருந்தது. அடுத்த வாரமே ஃபேன் நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவரை இன்னும் கொஞ்சம் பிடிக்காமல் போயிற்று.

அன்று அவர் தூக்கிக்கொண்டு வந்தது மண்டபத்தின் பெரிய ஆம்ப்ளிஃபயர். இருபது நாளைக்கு முன்னால் நான் சரிசெய்து கொடுத்தது. உள்ளே இடது பக்கம், வலது பக்கம் என்று இரண்டு பாகம். பக்கத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, பக்கத்துக்கு நான்கு பவர் டிரான்சிஸ்டர். முட்டை வடிவத் தகட்டின் மேல் ஒரு வட்டத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். ஸ்பீக்கருக்குப் போகிற கரண்ட் முழுவதும் இந்த நான்கின் தலையில்தான் விடியும். அந்தத் தடவை இடது பக்கத்து நான்கும் வயதாகிப் போயிருந்தன. புதிதாக நான்கு போட்டு, அரை நாள் பாட்டு ஓடவிட்டு, திருப்தியாக அனுப்பி வைத்தேன்.

இப்போது அதே இடது பக்கம் போயிருந்தது. அதோடு மெயின் ஃபியூஸும் போய் மண்டபமே ஊமையாகிவிட்டதாம். அதுவும் சனிக்கிழமை பரிசளிப்பு விழாவில், சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போதே. மைக் செத்தது தெரியாமல் அந்த மனிதர் ஐந்து நிமிஷம் வாயசைத்துக்கொண்டிருந்தாராம். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

"ரெண்டு நாளாவே வால்யூம் ஏத்தாமலேயே அந்தப் பக்கம் சூடு ஜாஸ்தியா இருந்துச்சு மேடம்," என்று ஹலோ ஆரம்பித்தார்.

"எத்தனை ஸ்பீக்கர் மாட்டினீங்க?" என்று வெட்டினேன்.

"எப்பவும் மாட்டற நாலுதான். இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு."

"நல்லா எண்ணிப் பாத்தீங்களா? அவசரத்துல நாலையும் ஒரே பக்கம் மாட்டிடலயே?"

அவர் கூரையைப் பார்த்தார். விரலை மடக்கினார். கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்று, மனதுக்குள் மேடைக்குக் கீழே போய் ஒயர்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது. அன்றைக்கு அதைத் திருட்டு முழி என்று எடுத்துக்கொண்டேன்.

"என் டேபிள்ல நல்லா ஓடுச்சு," என்றேன். "உங்க மண்டபத்துல போச்சுன்னா என்ன அர்த்தம்?"

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுகிற வாக்கியம் இது. இதைச் சொல்லிவிட்டால் வாடிக்கைக்காரருக்கு அதற்கு மேல் பேச வாய் வராது. மூடியைக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்தேன். நான்கும் ஷார்ட். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணன் வேலைக் கார்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

"ஆபரேட்டர் தப்புன்னு தெளிவா எழுதிடு பாப்பா. நாளைக்கு நம்மளக் கை காட்டக் கூடாது."

எழுதினேன். 'இடது பக்கம் அளவுக்கு மீறிய லோடு. நான்கு ஸ்பீக்கர்களும் ஒரே பக்கம் இணைக்கப்பட்டுள்ளன. ஆபரேட்டரின் கவனக்குறைவு.' கீழே கையெழுத்து. நான்கு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் இருந்ததை என் கண்ணால் பார்த்த மாதிரி எழுதியிருந்தேன். ஹலோ அந்தக் கார்டை இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். தொல்லை விட்டது என்று நான் அடுத்த வேலையை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம்தான் அந்தப் பெட்டிக்கு முறை வந்தது.

போன டிரான்சிஸ்டரைக் கழற்றுவது பொறுமை வேலை. எனக்குப் பொறுமை கிடையாது என்பவர்கள் என்னை மேஜையில் பார்த்ததில்லை. காலைப் பிடித்திருக்கும் ஈயத்தை சால்டரிங் அயர்ன் வைத்து இளக்கி, இளகிய நொடியில் கைப்பம்ப்பால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் போர்டில் ஓடும் செப்புக் கோடு தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். ஈயம் அடம் பிடித்தால் அதன் மேலேயே கொஞ்சம் புது ஈயம் வைத்தால் வழிக்கு வரும். இரண்டு காலும் விடுபட்ட பிறகு திருகைக் கழற்றித் தூக்கினால், அடியில் சூடு கடத்தும் வெள்ளைப் பேஸ்ட்டும் காகிதத்தைவிட மெல்லிசான மைக்கா தகடும் இருக்கும். மைக்கா கிழிந்திருந்தால் டிரான்சிஸ்டரின் உடம்பு அலுமினியத்தைத் தொட்டு எல்லாம் பாழ். நான்கில் ஒன்றுகூடக் கிழியவில்லை. என் வேலையில் குறை இல்லை என்று எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம்.

முதலில் எடுத்ததன் தொப்பியில் பேஸ்ட் அப்பியிருந்தது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். பேஸ்ட்டோடு சேர்ந்து, மேலே அச்சடித்திருந்த நம்பரும் துணிக்கு வந்துவிட்டது.

ஒரிஜினல் சாமானில் நம்பர் அப்படி வராது. நகத்தால் சுரண்டினாலும் லேசில் போகாது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடுகள், அதற்கடியில் வேறேதோ நம்பரின் நிழல். அடுத்துப் போடுவதற்காக டிராயரில் வைத்திருந்த புதியதை எடுத்துத் துடைத்தேன். அதிலும் நம்பர் துணியோடு வந்தது. இன்னொன்றைத் துடைத்தேன். அதுவும் அதே கதைதான்.

முதலில் கழற்றியதை மேஜையோரத்து இரும்புப் பிடியான வைஸில் இறுக்கிப் பிடித்து, ரம்பம் போட்டுத் தொப்பியை அறுத்தேன். உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு சுண்டுவிரல் நகம் அளவுக்காவது இருக்க வேண்டும். இருந்தது பாதி அரிசி அளவுதான். எதற்கும் இருக்கட்டும் என்று, போன தடவை கழற்றிப் போட்ட வயதான ஒரிஜினலைக் கழிவு டப்பாவில் தேடி எடுத்து அதையும் அறுத்தேன். அதில் நகம் அளவு சில்லு இருந்தது. கருகிப்போயிருந்தாலும் முழுசாக இருந்தது.

பாதி அரிசி என் மேஜையில் எப்படி ஓடியது என்றால், நான் அதன் மேல் வைத்த பாரம் அவ்வளவுதான். ஒரு சின்ன ஸ்பீக்கர், பாதிக்கும் குறைவான வால்யூம். அக்கம்பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நான் அதற்கு மேல் ஏற்றுவதே இல்லை. மண்டபத்தில் அதைப் பெரிய பெட்டிகளில் மாட்டி, ஆயிரம் பேருக்குக் கேட்கிற மாதிரி பேசச் சொன்னால் அது செத்துத்தான் போகும். போனதும் நான் கை வைத்த பக்கம் மட்டும்தான். வலது பக்கத்துப் பழைய ஒரிஜினல்கள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தன. திங்கட்கிழமையே என் கண்ணெதிரில் இருந்த விஷயம் இது. நான்தான் பெட்டியைப் பார்க்காமல் ஹலோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரான்சிஸ்டர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனேன். அண்ணன் யாரிடமோ ரேடியோவைக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஆள் படியிறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இது எங்க வாங்கினது?"

"எப்பவும் வாங்கற இடம்தான். டப்பாவப் பாரு."

"டப்பாவப் பாத்தாச்சு. உள்ள இருக்கறதப் பாத்துட்டுத்தான் வரேன்."

அறுத்த இரண்டையும் கவுண்டர் மேல் வைத்தேன். அவன் குனிந்து பார்க்கவே இல்லை. பேனா ஸ்டாண்டில் இருந்த பேனாக்களை எடுத்து வரிசையாக அடுக்க ஆரம்பித்தான். அவன் எதையாவது அடுக்கத் தொடங்கினால் பொய் தீர்ந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"பழைய இடத்துல சரக்கு வரல. புதுசா ஒருத்தன் குடுத்தான், விலையும் கம்மி. பாக்க ஒரே மாதிரிதான் இருந்துச்சு பாப்பா."

"அத ஏன் பழைய டப்பாவுல போட்டு வெச்ச?"

"நீ கேள்வி மேல கேள்வி கேப்பேன்னுதான்."

"கேக்கறதுக்குத்தானே நான் பின்னாடி உக்காந்திருக்கேன்?"

பேனாக்கள் நீலம் ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் என்று பிரிந்துகொண்டிருந்தன.

"திங்கக்கிழமை அவர் தப்புன்னு நான் எழுதறப்ப, உனக்கு இது தெரியுமா தெரியாதா?"

"உறுதியாத் தெரியாது."

"அண்ணா."

"சந்தேகம் இருந்துச்சு."

"சந்தேகத்த வாய்க்குள்ள வெச்சுக்கிட்டுத்தான் கார்டை நீட்டினியா?"

என்னை ஏமாற்றியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். அவன் ஏமாற்றியதை என் கையால் இன்னொருத்தர் தலையில் எழுத வைத்திருக்கிறான். பேனா ஸ்டாண்டை ஒரு தட்டுத் தட்டினேன். நீலமும் கறுப்பும் கலந்து வாசல் வரைக்கும் உருண்டன.

"இப்பக் கத்தி என்ன பிரயோஜனம்?" என்றான், குனிந்து பொறுக்கிக்கொண்டே. "காலையிலயே மண்டபத்து செக்ரட்டரி ஃபோன் பண்ணாரு. அந்த ஹலோ தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டாராம். நாலு மணிக்குக் கமிட்டி. அந்தாளை அனுப்பிட்டு நாளையிலேருந்து வேற ஆளு. ஆம்ப்ளிஃபயர் எப்ப கிடைக்கும்னு மட்டும்தான் கேட்டாரு. எல்லாம் முடிஞ்சுபோன விஷயம்."

"என்னன்னு எழுதிக் குடுத்தாரு?"

"தான்தான் ஒயரை மாத்தி மாட்டிட்டேன்னு."

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. செய்யாத தப்பை ஒரு மனுஷன் எதற்காக ஒத்துக்கொள்ள வேண்டும்? கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது. நம்பர் துடைக்காத புது டிரான்சிஸ்டர் ஒன்று, அறுத்த பழைய ஒரிஜினல், ரம்பம், பெரிய குறடு எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் முகத்தில் சிரிப்பு மருந்துக்குக்கூட இல்லை.

"யோசிச்சுப் பண்ணு பாப்பா. போலிச் சாமான் போடற கடைன்னு பேரு வந்துச்சுன்னா ஒருத்தன் படியேற மாட்டான். நான் சொல்றது உனக்காகத்தான். கார்டுல என் கையெழுத்து இல்ல, உன்னுதுதான் இருக்கு."

"அதுக்குத்தான் போறேன்," என்று அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அண்ணனை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். இரண்டு நிறுத்தம் தாண்டியபோது திட்டு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த யோசனை அதைவிட மோசமாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேருக்கு, என் டேபிளில் நன்றாக ஓடியது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்? அவர்களில் எத்தனை பேர் அந்த வாக்கியத்தை இன்னொருத்தர் முன்னால் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்ததோ. அதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பின்னறையில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெருவில் நடப்பது தெரியாது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் எனக்கே எரிச்சலாக இருந்தது.

மண்டபத்தில் கூட்டம் எதுவும் இல்லை. நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கி ஓரங்கட்டியிருந்தார்கள். செக்ரட்டரி அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் ஹலோ உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. மடியில் மைக் ரூம் சாவிக்கொத்து, திருப்பிக் கொடுப்பதற்காக. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஆம்ப்ளிஃபயர் ரெடியாயிடுச்சா மேடம்?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வழக்கம்போல ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"உங்களை யாரு ஒத்துக்கச் சொன்னது? நீங்க தப்பே பண்ணல. போலிச் சாமான். எங்க கடையில போட்டது."

"பரவால்ல மேடம். எனக்காக நீங்க எதுக்கு..."

"உங்களுக்காகச் சொல்லல. நடந்தது அதுதான்."

"இல்ல மேடம், நீங்க முதல்ல சொன்னதுதான் சரி. நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். அன்னைக்கு ரொம்ப அவசரம். ஏதோ ஞாபகத்துல நாலையும் ஒரே பக்கம் குடுத்திருப்பேன். பாவம் பாத்து மாத்திச் சொல்லாதீங்க."

"எனக்குப் பாவம் பாக்கத் தெரியாது. எங்க தெருவுல யாரை வேணாக் கேளுங்க."

அவர் லேசாகச் சிரித்தார். ஆனால் நம்பவில்லை. நான் சொன்ன பொய்யை ஐந்து நிமிஷத்தில் நம்பிய மனுஷன், உண்மையைச் சொன்னால் எனக்கே ஆறுதல் சொல்கிறார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

செக்ரட்டரி ஓய்வு பெற்ற அதிகாரி. காகிதத்தில் இல்லாத எதையும் நடந்ததாகவே நினைக்க மாட்டார். கண்ணாடி போட்ட மேஜையில் என் கார்டும் ஹலோவின் கடிதமும் ஒரே கிளிப்பில் இருந்தன. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இரண்டையும் என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமா."

"இது அவர் கையெழுத்து. ரெண்டு பேரும் ஒண்ணையேதான் சொல்லியிருக்கீங்க. விருந்தினர் முன்னாடி எங்க மானம் போச்சு, அதுக்கு ஒரு பொறுப்பு வேணும். இப்ப வந்து நீங்க மாத்திச் சொன்னா நான் எதை நம்பறது?"

"அன்னைக்கு நான் டிரான்சிஸ்டரைக் கழட்டிப் பாக்காம எழுதிட்டேன்."

"பாக்காமலே எழுதுவீங்களா?"

"எழுதினேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலாக இருபது நிமிஷம் இருந்தது. இனிமேல் பேசிப் பயனில்லை என்று கைப்பையைத் திறந்து ரம்பத்தை எடுத்தேன். செக்ரட்டரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இது ஆஃபீஸ் ரூம்மா."

"ரெண்டு நிமிஷம்."

புது டிரான்சிஸ்டரைக் குறட்டில் கவ்விக்கொண்டு, மேஜை விளிம்பில் வைத்து அறுத்தேன். வைஸ் இல்லாமல் அது நிற்கவில்லை. இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை பக்கத்திலிருந்து இரண்டு கைகள் வந்து குறட்டைப் பிடித்துக்கொண்டன. தன்னைக் காப்பாற்றுகிற வேலை என்று நினைத்து ஹலோ பிடிக்கவில்லை. ஒருத்தி கஷ்டப்படுகிறாளே என்று பிடித்தார், அவ்வளவுதான்.

"கொஞ்சம் சாய்ச்சு அறுங்க மேடம். பல்லு மாட்டுது," என்றார்.

சாய்த்தேன். வழுக்காமல் போயிற்று. மேஜைக் கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்க செக்ரட்டரி நியூஸ்பேப்பரை விரித்தார். தொப்பி கழன்று விழுந்தது. பாதி அரிசிச் சில்லு கொண்ட புதியதையும், நகம் அளவுச் சில்லு கொண்ட பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். விளக்கவே தேவையிருக்கவில்லை. செக்ரட்டரி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

ஹலோ இரண்டையும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே நம்பரா மேடம்?"

"ஒரே நம்பர்தான்."

"அப்ப அந்தச் சூடு..."

"இதனாலதான்."

"நான் சொன்னேன் மேடம்."

"சொன்னீங்க."

"அப்படின்னா உங்க கடைதான் எங்களுக்குப் போலிச் சாமான் போட்டிருக்கு," என்றார் செக்ரட்டரி.

"ஆமா."

"வாயால சொன்னா பத்தாது. எழுதிக் குடுங்க."

ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். எழுதினேன். 'எங்கள் கடை வாங்கிப் பொருத்திய போலி டிரான்சிஸ்டர்களே பழுதுக்குக் காரணம். ஆபரேட்டர் மேல் எந்தத் தவறும் இல்லை. கழற்றிச் சோதிக்காமல் அவர் மேல் பழி எழுதியது நான்.' அண்ணன் முகம் கண்ணில் வந்தது. கடையின் பெயரையும் முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செக்ரட்டரி ஒரு தடவை படித்துவிட்டு, அதையும் அதே கிளிப்பில் மேலாகச் செருகினார். ஹலோவின் கடிதத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

"இனிமே மண்டபத்து வேலை எதுவும் உங்க கடைக்கு வராது."

"வரக் கூடாது," என்றேன்.

"சரி, கமிட்டிக்கு நான் சொல்லிக்கறேன். நீங்க போய் உங்க வேலையப் பாருங்க," என்று ஹலோவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தார்.

எனக்கு மறுபடியும் கோபம் ஏறியது. பதினோரு வருஷம் உழைத்த ஆளைத் தெருவில் விடப் பார்த்துவிட்டு, போய் வேலையைப் பார் என்கிறார்.

"அவ்வளவுதானா? இத்தனை நாள் அவர் மேல பழியப் போட்டுட்டு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அவர்கிட்ட?"

"பழி போட்டது யாரும்மா?" என்றார் அவர், கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

நான் ரம்பத்தையும் குறட்டையும் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஹலோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து பக்கத்தில் கிடந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர் எனக்கு நன்றி சொல்வார் என்று மனதில் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். அண்ணனை எதிர்த்துக்கொண்டு, கடையின் பெயரைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன் இல்லையா? அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"செவ்வாய்க்கிழமை மேடைக்குக் கீழ போய்ப் படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன் மேடம். ரெண்டு ரெண்டாச் சேத்துக் கட்டின ஒயர், கட்டினது கட்டினபடியே இருந்துச்சு. நாலையும் ஒரே பக்கம் குடுக்கணும்னா அந்தக் கட்டைப் பிரிச்சாத்தான் முடியும். பிரிக்கவே இல்ல. அதுல தூசிகூடக் கலையல."

"அப்புறம் ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

"நீங்க எழுதிட்டீங்களே."

இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. குரல் மட்டும் உயரவில்லை.

"என் கண்ணுதான் தப்பாப் பாக்குதுன்னு நெனச்சேன். மறுபடி போய்ப் பாத்தேன். மூணு தடவ போனேன் மேடம். மூணு தடவையும் சரியாத்தான் இருந்துச்சு. பாத்துட்டு வெளிய வந்து, நான் தப்புப் பண்ணிட்டேன்னு கையெழுத்துப் போட்டேன். வீட்ல கேட்டாங்க, நீ பண்ணலன்னா ஏன் ஒத்துக்கறேன்னு. அந்தம்மா கோபக்காரங்க, ஆனா தப்பாச் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னேன்."

என் கையில் ரம்பம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. திட்டுவதற்கு எனக்கு ஆயிரம் வார்த்தை உண்டு. இதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க."

"இப்ப முடியாது மேடம்," என்று சொல்லிவிட்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மைக் ரூமைத் திறக்கப் போனார்.